ஆயிரம் மைலுக்கு ஒருமுறை

எங்கள் வீட்டுப் பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதன் பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டு, தங்கள் தாத்தாவோ மாமாவோ வைத்திருந்த வண்டியைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள். முன்சக்கரத்தின் பின்புறம் குனிந்து பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான்தான் அவர்களைக் குனிய வைக்கிறேன். அங்கே கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸை உள்ளே செலுத்தும் முனை, இருக்கிறது. அதன் தலையில் ஒரு சிவப்பு ரப்பர் மூடி மாட்டியிருக்கிறேன். 2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இடத்தில் நடந்தது இன்னும் என் மனத்தில் ஆறவில்லை. அதை எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி 1963-ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1098 சிசி எஞ்சின். அப்பா அதை 1964-இல் டாக்சிக்காக வாங்கினார். எங்கள் தீவான மொரீஷியஸில் பயணிகள் ரயில் 1956-இலேயே நின்றுவிட்டதால், ரோஸ் ஹில்லிலிருந்து தலைநகர் போர்ட் லூயிக்கு இறங்குகிறவர்களுக்கு அந்நாளில் பஸ்ஸை விட்டால் டாக்சிதான் கதி. முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே வண்டியில் ஏறி, ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்துப் போவதை இங்கே ‘டாக்சி-ட்ரேன்’ என்போம். ரயில் போனாலும் அதன் பெயர் இப்படித் தங்கிவிட்டது. 1981 வரை அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதன்பின் அது வீட்டு வண்டியாயிற்று. காவடிக்கும் கல்யாணத்துக்கும் போயிற்று. 1993-இல் அப்பா காலமான பிறகு கேரேஜுக்குள் நின்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஹோலாண்டா புயல் கேரேஜின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. புதுக் கூரை போடும்வரை மூன்று வாரம் அது மழையில் நனைந்தது. பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு தார்ப்பாயின் கீழே. பள்ளிகளில் தமிழ் கற்பித்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்ற மறுவாரம், நான் அந்தத் தார்ப்பாயை எடுத்தேன்.

எடுத்தபோது தெரிந்த துருவைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கடல் சூழ்ந்த ஊரில் பழைய இரும்பு எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அதன் தரைத்தகடும், இரு பக்கக் கதவுகளின் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்புகளும், குறுக்கே போகும் விட்டமும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அந்த விளிம்புகளில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பாதி இடங்களில் ஒட்டாமல் விழுந்தது. மேலே பெயின்ட், அதன் கீழே ஓட்டையை நிரப்பும் மஸ்திக் பசை, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. உளியால் மெல்லத் தட்டியபோது துருச்சல்லி ஒரு படி அளவு கொட்டியது. இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைக் கிரியோலில் ‘தோன்தோன்’ (மாமா) என்றுதான் கூப்பிடும். வெட்டும் இயந்திரத்தை நான் கையில் எடுத்த அன்று அவர் என்னைத் தடுத்து நிறுத்தினார். கதவைக் கழற்றிவிட்டு, கதவு நிலையின் இரு பக்கத்தையும் கோண இரும்பால் இணைத்து வெல்டு வைத்த பிறகே விளிம்பை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் மூடாது என்றார். அப்படியே செய்தோம். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் தொடங்கும்போது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய தகடுகள் நின்றுபோயின. அந்த மாதங்களில் வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருநீக்கி பூசி, இரண்டு பூச்சுக் கறுப்பு பெயின்ட் அடித்தேன். அந்தக் கறுப்பைப் பற்றி எனக்கு அப்போது மிகுந்த பெருமை இருந்தது.

நான்கு அங்குலம்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடினால் ஒரு வாதம் கட்டாயம் வரும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைப்பதா, இன்றைய சாலைக்கு ஏற்றபடி மாற்றுவதா என்பதே அது. இதில் என் முடிவு ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தது. இன்றும் அதில் மாற்றமில்லை. மைனரை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ், மாதிரி வண்டி உருவாகி நின்றபோது அதைப் பார்த்து, அகலம் போதவில்லை என்று உணர்ந்தார். வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்தார். இடைவெளி நான்கு அங்குலம் வந்தது. அந்த நான்கு அங்குலம்தான் இன்றும் பானெட்டின் நடுவில் மேடான ஒரு பட்டையாக ஓடுகிறது. பம்பர்கள் அதற்குள் பழைய அளவில் தயாராகிவிட்டிருந்ததால், அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டைச் சேர்த்து மாட்டினார்கள். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மக்கள் பார்த்து வியந்த வண்டியே இப்படி அறுத்து ஒட்டியதுதான். பின்னால் 16 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. அதை உருவாக்கியவரே அறுக்கத் தயங்காதபோது, நான் ஒரு பிரேக்கை மாற்றத் தயங்குவதில் பொருளில்லை என்று நினைத்தேன்.

ஆகவே பலவற்றை மாற்றினேன். முன்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டேன். மைனரின் பிரேக் எண்ணெய்ச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் அந்த ஒரே வழியில்தான் போகிறது. ஒரு குழாய் வெடித்தால் கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள சிலிண்டரையே பொருத்தினேன். பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தேன். மைனரில் பேட்டரியின் நேர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது என்பதால் முனைகளை மாற்றி, இக்னிஷன் காயிலின் கம்பிகளையும் இடம் மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பெட்டி. ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்கும்படி எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்கள். முன்னிருக்கைகளுக்கு சீட் பெல்ட். இவற்றில் ஒன்றையும் நான் திரும்பப் பழையபடி மாற்றப்போவதில்லை. பழைய வண்டி என்பதற்காக ஒரு குழந்தையைப் பலவீனமான பிரேக்கில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் அந்த மாற்றங்களுக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஆல்டர்னேட்டர் வந்ததும் டைனமோவின் பின்முனையில் சொட்டு எண்ணெய் விடும் வேலை போயிற்று. எலக்ட்ரானிக் பெட்டி வந்ததும் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி அளக்கும் வேலை போயிற்று. டிஸ்க் வந்ததும் டிரம்முக்குள் லைனிங்கை இறுக்கிச் சரிசெய்யும் வேலை போயிற்று. ஒவ்வொன்று போனபோதும் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. சாவியைத் திருப்பினால் ஓடுகிறது, காலை வைத்தால் நிற்கிறது. இனி இந்த வண்டிக்கும் என் மகனின் புதிய வண்டிக்கும் வேறுபாடில்லை என்று என் மனம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இந்த முடிவை நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோன்தோன் அன்றே மறுத்திருப்பார்.

நிப்பிளின் மேல் பெயின்ட்

2021 நவம்பரில் வண்டி சாலைக்கு வந்தது. கோவில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, முதல் ஓட்டம் ஓட்டினேன். அடுத்த பதினொரு மாதங்களில் ஏறத்தாழ 640 மைல் போயிருப்பேன். 2022 அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு போர்ட் லூயியில் கைலாசம் கோவிலுக்குப் போவதாகப் பேச்சு. மற்றவர்கள் தயாராவதற்குள் பெட்ரோல் போட்டு வரலாம் என்று நான் மட்டும் கிளம்பினேன். எங்கள் சந்திலிருந்து பெரிய சாலைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நடக்கிற வேகம்தான். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்த நேரத்தில் முன்னால் ‘மடார்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டியின் இடது முன்மூலை அப்படியே தரையில் உட்கார்ந்தது. ஸ்டியரிங் என் கையில் பாரமின்றிச் சுழன்றது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் உட்புறமாக மடங்கி, மட்கார்டுக்குள் படுத்துக் கிடந்தது. காலொடிந்த மாடு படுத்திருக்குமே, அப்படி. பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கி வந்து, திட்டாமல், ஒன்றும் கேட்காமல், பத்து நிமிடம் நின்று மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டார். அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்பதுகூட இன்று நினைவில்லை.

இந்த இடத்தை விளக்காமல் மேலே போக முடியாது. மைனரின் முன்சக்கரத்தை நிமிர்ந்த ஒரு தண்டு தாங்குகிறது. அந்தத் தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். ஒவ்வொரு முனையும், உட்புறம் மரை வெட்டிய ஓர் உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைக்கு ட்ரனியன் என்று பெயர். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைகளுக்குள்தான் சுழல்கிறது. வண்டியின் முன்மூலைப் பாரம் கீழ் ட்ரனியனுக்கு, ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியின் கை வழியாக வந்து சேர்கிறது. அது அந்த மரையின்மேல் உட்காருவதில்லை, அதில் தொங்குகிறது. மரைக்கு நடுவே கிரீஸ் இருக்கும்வரை ஒரு தலைமுறைக்குத் தாங்கும். கிரீஸ் வற்றினால் இரும்பும் இரும்பும் உரசி, மரையின் முகடுகள் தேய்ந்து தாளாகிவிடும். ஒருநாள் தண்டு கட்டையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். அது பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கையில் நடக்கும் என்று பழைய கைகள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அரைமணி நேரம் கழித்து, பேத்தி பின்னிருக்கையில் இருக்க, கொரொமாந்தல் இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். நம் சோழமண்டலத்தின் பெயரைத் தாங்கிய அந்த இறக்கத்தில் இப்போதும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தே போகிறேன்.

ட்ரக்கில் ஏற்றி வண்டியைக் கேரேஜுக்குக் கொண்டுவந்த பிறகு தோன்தோன் வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு சாக்கை விரித்து மண்டியிட்டு, கைவிளக்கை உள்ளே காட்டினார். முதலில் உருவிப்போன ட்ரனியனுக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுழற்றி வெளியே எடுத்தார். விரல் நுனியில் காப்பித்தூள் போன்ற பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அதில் ஈரம் இல்லை, மினுமினுப்பும் இல்லை. அதை என் உள்ளங்கையில் தட்டிவிட்டார். பிறகு வலப்பக்கச் சக்கரத்துக்குப் போனார். அங்கே கீழ் ட்ரனியனின் பக்கவாட்டில் நான் அடித்த கறுப்பு பெயின்ட் வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தது. நடுவில் ஒரு சிறு மேடு. அந்த மேட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பெயின்ட் ஒரு வில்லையாக உரிந்து வந்தது. உள்ளே நிப்பிள். அதன் வாயில் இருக்கும் கடுகளவுக் குண்டு, பெயின்டோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. கிரீஸ் கன்னை மாட்டி அழுத்திப் பார்த்தார். ஒரு துளிகூட உள்ளே இறங்காமல், பக்கவாட்டில் வழிந்தது.

“கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய்?” என்று கேட்டார்.

“ஆயிரம் மைல் இன்னும் வரவில்லையே, தோன்தோன்” என்றேன்.

“நீ ஓட்டிய மைலை வைத்தா கணக்குப் பார்ப்பது? உன் அப்பா போன நாளிலிருந்து இதற்குள் ஒன்றும் போகவில்லை. மிச்சமிருந்த வாயையும் நீ அடைத்துவிட்டாய்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து நிற்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு ட்ரனியன்களையும் நான் மாற்றாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அவை அப்பா கையால் மாட்டியவை என்பதால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். கழற்றி மரையைப் பார்க்கவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்திருந்தால் ஆட்டம் தெரிந்திருக்கும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல், துடைத்து, தேய்த்து, பளபளப்பாகக் கறுப்பு அடித்தேன். மூன்றாண்டு உழைப்பில் நான் மிகுந்த பக்தியோடு செய்த வேலை அதுதான். வண்டியைச் சாய்த்ததும் அதுவே. இதைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அலட்சியத்தால் கெட்டிருந்தால் மனம் சமாதானமாகியிருக்கும். நான் அங்கே அலட்சியமாக இல்லை. அப்பாவின் பொருளை அழகாக்க வேண்டும் என்ற ஆசையோடு, அந்தப் பொருள் உயிரோடிருக்கத் தேவையான ஒரே துளையை என் கையாலேயே மூடினேன்.

‘கி’

வண்டியின் முன்பெட்டியில் அப்பாவின் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. 2019-இல் தார்ப்பாயை எடுத்த அன்றே அதைக் கண்டேன். கரப்பான் அரித்த அட்டை, பென்சில் எழுத்து. அப்பா கோவிலில் நடந்த மாலைப் பள்ளியில் தமிழ் படித்தவர். அவர் எழுத்தில் கொம்பும் சுழியும் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஓர் எண், அதன்பின் ‘கி’ என்ற ஒரே எழுத்து. பக்கம் பக்கமாக அதுவே. நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டினேன். அந்த ‘கி’ கிலோமீட்டரைக் குறிக்கிறது என்று நான் எண்ணியிருந்தேன். வண்டியின் மீட்டரோ மைலில் ஓடுவது. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் எழுத்தையும் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, என் தந்தை எழுதிய ஓர் எழுத்து புரியவில்லை.

சக்கரம் மடங்கிய அன்றிரவு தூக்கம் வராமல் அந்த நோட்டை உறையிலிருந்து எடுத்தேன். எண்களின் வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது எல்லா வரிகளுக்கும் இடையில் ஏறக்குறைய ஆயிரம் வந்தது. தேதிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்; டாக்சி ஓடிய ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில். எங்கள் தீவின் நீளம் 65 கிலோமீட்டர்தான். ஆயிரம் மைல் என்றால் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபத்தைந்து முறை போவதற்குச் சமம். டாக்சி ஓட்டியவருக்கு அது இரண்டு வார உழைப்பு. அதன் முடிவில் ஒரு ‘கி’. கிரீஸ். புரிந்ததும் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். கோர் தெ கார்த் மலைக்குப் பின்னால் வெயில் சாய்வதற்கு முன் முடிக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். பழைய துணியால் நிப்பிளைத் துடைப்பது என் வேலை. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புவதும் என் வேலை. அதை ஒரு விளையாட்டாகத்தான் நினைத்திருந்தேன். வண்டி ஓட்டுவதாகப் பாவனை செய்வேன். எதற்காகத் திருப்பச் சொன்னார் என்பது அறுபதைத் தாண்டிய பிறகே தெரிந்தது. அப்படித் திருப்பினால்தான் புதுக் கிரீஸ் மரையின் எல்லாச் சுற்றுக்கும் ஏறும்.

1968 மார்ச் 10 என்று ஒரு வரி இருக்கிறது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு நாள் முன்பு. ஊரே கலங்கியும் மகிழ்ந்தும் கிடந்த வாரம் அது. மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்ததால் எண் 04310 என்று இருக்கிறது. பக்கத்தில் ‘கி’. 1975 பிப்ரவரி 9 என்று இன்னொரு வரி. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஜெர்வேஸ் புயல் தீவைப் புரட்டிப் போட்டிருந்தது. எங்கள் முற்றத்தில் வேறு யாருடைய கூரையோ கிடந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் ‘கி’. இந்த இரண்டு வரிகளையும் முன்பு பலருக்குக் காட்டியிருக்கிறேன், வரலாற்றுத் தேதிகள் என்பதற்காக. அந்த நாட்களில் அவர் தரையில் மல்லாந்து படுத்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் யோசித்ததேயில்லை.

புதிய தண்டுகளும் ட்ரனியன்களும் இரு பக்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்து ஆறு வாரத்தில் வந்தன. மட்கார்டு போல்ட்டில் கழன்று வருவது என்பதால் அதை நேராக்கி மீண்டும் பெயின்ட் அடிப்பது பெரிய வேலையாக இல்லை. மகன் அந்தச் சமயத்தில் என்னிடம் நெடுநேரம் பேசினான். எபெனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவன், அளந்து பேசுகிறவன். “அப்பா, இவ்வளவு சிரமம் எதற்கு? எஞ்சினையே எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்துவிடலாம். எண்ணெய் இல்லை, ரேடியேட்டர் இல்லை. வண்டி வண்டியாகவே இருக்கும்” என்றான். அவன் சொன்னது தவறில்லை. இந்தச் சிறிய தீவில் ஒருநாளில் யாரும் நூறு மைல் ஓட்டப்போவதில்லை. மின்வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அவனை வண்டியின் கீழே அழைத்துப்போய்ப் புதிய ட்ரனியனைக் காட்டினேன். மோட்டார் வைத்தாலும், பேட்டரி வைத்தாலும், இந்த மரைக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை யாராவது கிரீஸ் அடித்தாக வேண்டும் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதையும் மாற்ற வழி இருக்கிறது, பந்துமூட்டு வைத்த முன்பாகமே விற்கிறார்கள் என்றான். அதுவும் உண்மை. விலையையும் விசாரித்தோம், என் ஓய்வூதியத்துக்கு எட்டாத விலையில்லை. இருந்தும் வேண்டாம் என்று சொன்னேன். பிரேக்கை மாற்றும்போது பாதுகாப்பு ஒன்றையே பார்த்தேன். இங்கே மாற்றினால் போவது ஞாயிற்றுக்கிழமை. என் மகன் இந்தக் காரணத்தை இன்னும் ஏற்கவில்லை. நானும் அவனை வற்புறுத்தவில்லை.

இப்போது நான் வருடத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓட்டுவதில்லை. ஆகவே தோன்தோன் சொன்னபடி மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கால்தாங்கிகளின்மேல் உட்கார வைக்கிறேன். சக்கரம் தொங்கினால்தான் மரையின்மேல் உள்ள பாரம் விலகி, கிரீஸ் உள்ளே புகும். சிவப்பு மூடியைக் கழற்றி, நிப்பிளைத் துணியால் துடைக்கிறேன். துடைக்காமல் கன்னை வைத்தால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். மெதுவாக அழுத்துகிறேன். முதலில் மேல் ஓரத்தில் கறுப்பாகப் பிதுங்குகிறது, பிறகு பழுப்பு, பிறகு தேன் நிறத்தில் சுத்தமான கிரீஸ் ஒரு மெல்லிய வளையமாக வருகிறது. நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, மறுபடி இரண்டு அழுத்து. பக்கத்துக்கு மூன்று நிப்பிள்: தண்டுக்கு மேலொன்று, கீழொன்று, ஸ்டியரிங் கம்பியின் முனையில் ஒன்று. சுற்றிலும் வழிந்ததைத் துடைத்து, மூடியை மாட்டி, வண்டியை இறக்க நாற்பது நிமிடம் ஆகிறது. அப்பாவுக்கு இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த நோட்டைச் சாமி படத்தின் பக்கத்திலிருந்து எடுத்து, மறுபடி வண்டியின் முன்பெட்டியிலேயே போட்டுவிட்டேன். பிளாஸ்டிக் உறையில்லாமல் கையழுக்குப் படிகிறது. அப்பாவின் கடைசி வரி 1993 ஜூன் மாதத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு நான் தொடர்கிறேன். இந்த மாதம் எழுதும்போது ஒன்றைக் குறித்தேன். இடது கீழ் ட்ரனியனில் தேன் நிறம் வருவதற்கு வலப்பக்கத்தைவிட மூன்று அழுத்து அதிகம் தேவைப்படுகிறது. சென்ற மாதமும் அப்படித்தான். தூசுத்தடுப்பு வளையம் கிழிந்து கிரீஸ் வெளியேறுகிறதோ என்று சந்தேகம். அடுத்த ஞாயிறு சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறேன்; தோன்தோனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.